பாக்கஸ் வழிபாடு: இரண்டு சான்றுகள், ஒரு பாடவேளை

ஒன்பதாம் வகுப்பில் ரோமானியர் பற்றிய பாடம் வரும்போது, பாக்கஸ் வழிபாட்டைச் சுவையான கதையாகச் சொல்வது என் வழக்கம். மதுவின் கடவுளான பாக்கஸை இரவில் கூடி வணங்கியவர்கள் கொலை செய்தார்கள், போலி உயில் தயாரித்தார்கள், அலறல் வெளியே கேட்காதபடி முரசும் தாளமும் முழக்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதியதை அப்படியே சொல்வேன்.

ஒருமுறை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கியபடி வந்தாள். "டீச்சர், எங்க குலசாமிக்கும் ராத்திரிதான் பூசை. வெளியாளுங்கள விடமாட்டோம். எங்களையும் இப்படித்தான் பேசுறாங்க" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அதே பாடத்தை வேறு விதமாக நடத்தினேன்.

கி.மு. 186இல் ரோமானிய செனட் இவ்வழிபாட்டை ஒடுக்கியது. இதற்கு இரண்டு முக்கியச் சான்றுகள் உள்ளன. ஒன்று, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து லிவி எழுதிய நூல். மற்றொன்று, அதே ஆண்டின் செனட் ஆணை பொறித்த வெண்கலத் தகடு. தென் இத்தாலியின் திரியோலோவில் 1640இல் கிடைத்த இத்தகடு, இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டின் சுருக்கத்தையும் தனித்தனித் தாளில் எழுதி, இரு குழுக்களிடம் கொடுத்தேன். கேள்விகள் மூன்று:

1. எழுதியவர் யார்?
2. நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலம் கழித்து எழுதினார்?
3. எதைக் குற்றம் என்கிறார்?

தகட்டைப் படித்த குழு வியந்தது. அதில் கொலையும் இல்லை, உயிலும் இல்லை. பொது நிதி வைக்கக் கூடாது; தங்களுக்குள் சத்தியம் செய்துகொள்ளக் கூடாது; ஆண்கள் பூசாரியாகக் கூடாது; அனுமதியின்றி 2 ஆண்கள், 3 பெண்களுக்கு மேல் கூடக் கூடாது. மீறினால் மரண தண்டனை. வழிபாடு தேவை என்பவர்கள், குறைந்தது 100 செனட்டர்கள் கூடிய அவையில் அனுமதி பெறலாம். "சாமிய பார்த்துப் பயப்படல டீச்சர், கூட்டத்தப் பார்த்துதான் பயம்" என்றான் ஒரு மாணவன்.

"அப்போ லிவி பொய்யா?" என்றான் இன்னொருவன். அவசரப்பட வேண்டாம் என்றேன். தகட்டின் விதிகள் சில லிவியின் நூலிலும் உள்ளன. ஆணை பற்றி அவர் அறிந்தே எழுதியிருக்கிறார். தகட்டில் இல்லாததாலேயே குற்றம் எதுவும் நடக்கவில்லை என்றும் ஆகாது. ஆனால் முக்கிய சாட்சியான ஹிஸ்பாலா அச்சத்தோடுதான் பேசினாள் என்பதையும், பின்னர் அவளுக்குப் பரிசு வழங்கப்பட்டதையும் லிவியே பதிவு செய்கிறார். இதையும் எடைபோட வேண்டும்.

அப்போது அந்த மாணவி எழுந்தாள். "அங்க கும்பிட்டவங்க என்ன சொன்னாங்க, டீச்சர்?"

இரண்டு தாள்களையும் மீண்டும் புரட்டினார்கள். விடை இல்லை; இரண்டுமே ரோமானிய ஆட்சியின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. அவள் கேள்வியை நான்காவதாகக் கரும்பலகையில் எழுதினேன். இப்போது எந்த வரலாற்றுப் பாடத்திலும் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டே தொடங்குகிறேன். தேவைப்படுபவை இரண்டு தாள்களும் ஒரு பாடவேளையும்தான். ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கலாம்.