சேமிப்பு மாதிரிதான் ஓட்டமும்!



"ஓடறதா? காலையில எந்திரிச்சதுல இருந்து ஓடிட்டுத்தானுங்க இருக்கறோம்!" ஓட்டப் பயிற்சி என்று பேச்செடுத்தால் நம் குழுக்களில் முதலில் வரும் பதில் இதுதான். சொல்வதில் தப்பில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் அலுப்பு நமக்குத் தெரியாததா?

ஆனால் ஒன்று யோசிப்போம். பனியன் கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்தே தைக்கிறோம். செக்கிங் டேபிளில் நின்றே பார்க்கிறோம். உடம்பு களைக்கிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மட்டும் பயிற்சி கிடைப்பதில்லை. சர்க்கரையும் பிரஷரும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து கொள்கின்றன. வேலை செய்த களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

உலகத்தில் ஓடுகிறவர்கள் போடும் டி-சர்ட்டுகளில் எத்தனையோ நம் ஊரில் தைத்தவை. தைக்கிற நாம் ஓடக் கூடாதா?

வயசு ஒரு தடையா?

ஆஸ்திரேலியாவில் கிளிஃப் யங் என்று ஒரு உருளைக்கிழங்கு விவசாயி இருந்தார். 1983-ல் சிட்னியில் இருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. அதில் கலந்துகொண்டபோது அவருக்கு 61 வயது. சின்ன வயசில் இருந்து ஆடுகளை ஓட்டித் திரிந்த கால்கள் அவை. காலைத் தேய்த்துத் தேய்த்து மெல்லத்தான் ஓடினார். கடைசியில் ஜெயித்தது அவர்தான்!

நம் தமிழ்நாட்டில் சென்னை முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியனைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர். 2004-ல் சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். பிறகு படிப்படியாகப் பழகி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடி முடித்தார். ஒரு அரை மாரத்தான் என்பது 21.1 கிலோமீட்டர்.

இருவருமே வேகத்தை நம்பவில்லை, பழக்கத்தை நம்பினார்கள்.

குழு கற்றுத் தந்த பாடம்

பழக்கம் என்றால் நமக்குப் புதுசா என்ன? சின்னத் தொகை, குறித்த நாள், கூடவே நாலு பேர். இப்படித்தானே சேமிப்பு நிலைத்தது? ஆசை வந்தபோது மட்டும் சேமித்திருந்தால் குழுவே நின்றிருக்காது. ஓட்டமும் அப்படியே. "இன்னைக்கு வேண்டாம்" என்று மனசு சொல்லும். தெருமுனையில் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் கால் தானாகக் கிளம்பும். நாலைந்து பேராகச் சேருங்கள். குழு நோட்டில் வருகைப் பதிவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இருட்டு நேரத்தில் தனியாகப் போகும் பயமும் இருக்காது.

எப்படித் தொடங்குவது?

* முதல் இரண்டு வாரம்: வாரம் மூன்று நாள், 20 நிமிடம் வேக நடை மட்டும்.
* அடுத்த மூன்று வாரம்: ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படியே மாற்றி மாற்றி 20 நிமிடம்.
* அதன்பின் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்கலாம். ஒரே வாரத்தில் நிறைய ஏற்ற வேண்டாம்.

வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் சரி. பேச்சு திணறினால் வேகம் அதிகம், நடங்கள்.

2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானமே போதும்.

இதில் நிலுவை கிடையாது

சேமிப்புக்கும் ஓட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தா தவறினால் அடுத்த கூட்டத்தில் சேர்த்துக் கட்டுகிறோம். ஓட்டம் தவறினால் சேர்த்து ஓடவே கூடாது. காலில் அடிபடுவது அப்போதுதான். ஷிப்மென்ட் நேரத்தில் இரவு வேலை பார்த்தீர்களா? அன்றைக்குத் தூக்கம்தான் பயிற்சி. மறுபடி வரும்போது பழைய அளவில் இருந்தோ, அதற்கும் குறைவாகவோ தொடங்குங்கள். விட்டது தப்பில்லை, திரும்ப வராததுதான் தப்பு.

முதலில் கவனிக்க வேண்டியவை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர், ரத்த அளவு பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அதோடு ஓடினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். "எனக்கு இது ஆகாது" என்று விட்டுவிடுவோம். குறை ஓட்டத்தில் இல்லை, ரத்தத்தில்! கீரை, கேழ்வரகு, பயறு சேருங்கள். சாப்பிட்டதும் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

செலவு செய்வதென்றால் முதல் செலவு ஷூவுக்கு. செருப்போடு ஓட வேண்டாம். சுடிதார் போதும், துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள்.

அந்த அரை மணி நேரம் யாருடையது?

உண்மையான தடை காலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. "அடுப்பு யார் பாக்கறது? தண்ணி யார் பிடிக்கறது?" வாரத்தில் மூன்று காலை, அரை மணி நேரம். அந்த நேரம் தண்ணீர் பிடிக்க வீட்டுக்காரரால் முடியும், டீ போட வளர்ந்த பிள்ளையால் முடியும். கேட்காமல் கிடைக்காது, கேளுங்கள். குழுவுக்கு முதன்முதலில் கிளம்பிய அன்றும் "இதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றுதானே கேட்டார்கள்? இன்று கடன் வேண்டுமென்றால் நம்மைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் சர்க்கரை, பிரஷர், ரத்த அளவு பார்த்தவர்கள் எத்தனை பேர்?
2. எந்த மூன்று நாள், எந்த இடம், யார் யார்?
3. அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டில் யாரிடம், என்ன கேட்கப் போகிறோம்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதியதைச் செய்து காட்டுவதுதானே நம் வழக்கம்!