காணி விபரங்களைக் கணினியில் பதிதல்

சங்கத்துக்கு ஒரு கணினி கிடைத்ததும், குடும்ப விபரம் முழுவதையும் ஒரே நீண்ட அட்டவணையாக அடிக்கத்தான் பலருக்கும் கை போகும். இரண்டு காணியுள்ள ஒருவர் வரும்வரை அது சரி. அவர் வந்ததும் பெயரை இரண்டு நிரைகளில் எழுத நேரும். ஒன்றில் கந்தசாமி, மற்றதில் கந்தசுவாமி என்று விழுந்துவிட்டால் கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.

ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் ஆட்களுக்கு ஒரு ஏடும் காணிகளுக்கு வேறோர் ஏடும் இருந்தன. (வரி அறவிடவே எழுதினார்கள், அது வேறு கதை.) 1970இல் எட்கர் கொட் என்ற ஐபிஎம் ஆய்வாளர் வகுத்த தரவுத்தள முறையும் இப்படிப் பிரித்து வைப்பதற்கே இடந்தருகிறது. அக்சஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் பேஸ் இரண்டும் இம்முறையில் இயங்குபவை.

ஆகவே இரண்டு அட்டவணைகளை அமையுங்கள். முதலாவது குடும்பம்: குடும்ப இலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர். இரண்டாவது காணி: காணி இலக்கம், அதே குடும்ப இலக்கம், காணியின் பெயர், எல்லைகள், அளவு. பெயரை ஒருமுறைதான் அடிப்பீர்கள். காணிகளைக் குடும்ப இலக்கம் தொடுத்துக்கொள்ளும்.

அந்த இலக்கத்தை நீங்களே 1, 2 என்று கொடுங்கள். அடையாள அட்டை இலக்கம் இதற்கு உதவாது. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். புதியதில் 12 இலக்கங்கள். அட்டையைத் தொலைத்தவர்களும் நம்மிடையே உண்டு. அந்த நிரலை ‘எண்’ வகையாக அன்றி ‘எழுத்து’ வகையாக வையுங்கள். தொலைபேசி இலக்கத்துக்கும் அப்படியே. இல்லாவிட்டால் முன்னுள்ள 0 மறைந்துவிடும். அளவை ஒரு நிரலிலும், பரப்பா ஏக்கரா என்பதை அடுத்த நிரலிலும் எழுதாவிட்டால் கூட்டுத்தொகை பிழைக்கும்.

உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்று நிரல்களையும் விடாதீர்கள். கணினிப் பதிவு உறுதியாகாது. ஆனால் உறுதியைத் தொலைத்தவர் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைத் தேடும்போது இவைதான் வழிகாட்டும். எல்லைகளை அறிந்த முதியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். வடக்கே யாருடைய வளவு, தெற்கே எந்த ஒழுங்கை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பட்டியலுக்குக் கடவுச்சொல் இடுங்கள். கிழமைக்கு ஒருமுறை பிரதியெடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். அச்சிட்ட தாளை அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் வாசித்துக் காட்டித் திருத்துங்கள்.