தறிக்கணக்கு எழுதும் பெண் எதைப் படிக்கலாம்?

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப். பொறியியல் கட்-ஆஃப் 170ஐ ஒட்டி வரும். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் எடு என்கிறார். நர்சிங் படித்தால் உடனே வேலை என்கிறார் மாமா. உனக்கு எது பிடிக்கும் என்று டீச்சர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டின் தறிக்கூலிக் கணக்கை எழுதுகிறேன், தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறேன். மற்றபடி எனக்கென்று தனித்திறமை எதுவும் இல்லை. நான் எதை எடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: உன் கடிதத்தில் மிக முக்கியமான செய்தியைத் 'தனித்திறமை இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய், அம்மா. ஒரு குடும்பத்தின் கூலிக் கணக்கு இத்தனை வருடமாக உன் கையில் இருக்கிறது. எண் தப்பினால் வீட்டுக்கு வரும் பணம் தப்பும். அப்பா உன்னை நம்பி அதை விட்டிருக்கிறார். பரீட்சை மதிப்பெண்ணைவிட இது உன்னைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

எது பிடிக்கும் என்ற கேள்விக்கு உன் வயதில் பதில் வராதது குறையே இல்லை. படித்துப் பார்க்காத படிப்பும் செய்து பார்க்காத வேலையும் எப்படிப் பிடிக்கும்? அதனால் இதுவரை செய்தவற்றைக் கொண்டு யோசி. யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது எது? சலிப்பு வந்தும் விடாமல் முடித்தது எது? மற்றவர்கள் எதற்காக என்னைத் தேடி வருகிறார்கள்? எந்த வேலையை எப்போதும் தள்ளிப்போடுகிறேன்? ஒரு நோட்டில் எழுது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவம் இருக்க வேண்டும். 'நான் பொறுமைசாலி' என்று எழுதினால் போதாது. எப்போது, யாரிடம் பொறுமையாக இருந்தாய் என்று எழுது. சம்பவம் நினைவுக்கு வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடு. நம்மைப் பற்றி ஊர் சொன்னதையெல்லாம் நாமே கண்டதாக நினைத்துக்கொள்கிறோம். அதைக் கழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தறிக்கணக்கையே இன்னும் உற்றுப் பார். அதில் எது உனக்கு நிறைவு தருகிறது? வரவும் செலவும் ஒரு பைசா பிசகாமல் வந்து நிற்பதா? அப்படியானால் கணக்கியல் பக்கம் பார். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை எந்தக் குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் எழுதலாம். போன மாதத்தைவிட இந்த மாதம் கூலி ஏன் குறைந்தது என்று தோண்டிக் கண்டுபிடிப்பதில் ஆர்வமா? அது புள்ளியியல் மனம். நீ கணிதம் படித்திருப்பதால் பி.எஸ்சி. புள்ளியியலில் சேரலாம், பட்டத்துக்குப் பிறகு யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் எழுதலாம். கணக்கை அப்பாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதுதான் பிடித்திருக்கிறதா? தெருப் பிள்ளைகளும் உன்னிடம் வருகிறார்களே! கணிதப் பட்டமும் பி.எட்.டும் உன்னை வகுப்பறைக்குக் கொண்டுபோகும். இந்தப் படிப்புகளை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊர்ப் பேச்சு இன்ஜினீயரிங், டாக்டர், நர்சிங் என்பதோடு நின்றுவிடுவது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

அப்பா சொல்வதை ஒதுக்கச் சொல்லவில்லை. கணக்கில் விழுந்த பிழையைத் தேடிப் பிடிப்பவளுக்கு புரோகிராமிங் ஒத்துவரலாம். ஊகிக்காதே, செய்து பார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் பாடத்தை இந்த விடுமுறையில் ஆரம்பி. ஓடாத புரோகிராமைச் சரிசெய்ய மறுநாளும் உட்காரத் தோன்றுகிறதா என்று கவனி. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை செமஸ்டர் வாரியாகப் புரட்டு. பிரிவின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நர்சிங் பற்றி அரசு மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு செவிலியரிடம் பேசு. 'வேலை எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லாருக்கு' என்றுதான் பதில் வரும். நேற்று டியூட்டியில் என்னென்ன செய்தீர்கள் என்று கேள். இரவுப் பணியும் வலியில் துடிப்பவரின் அருகில் நிற்பதும் உன்னால் முடியுமா என்று அதற்குப் பிறகு முடிவு செய். உடனே வேலை கிடைக்கும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் அந்தப் படிப்பு வேண்டாம்.

பணத்தை விட்டுவிட்டு யோசிக்க முடியாது. அப்பா ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார் என்று அவரிடமே கேள். காரணம் பெரும்பாலும் கடன் பயமாகத்தான் இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதன்வழி பொறியியலில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலை அறிவியல் கல்லூரிக்குப் போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்கில் வரும். இதை அப்பாவிடம் முதலில் சொல். பயம் குறைந்த பிறகு உன் நோட்டைக் காட்டிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். இரண்டுக்கும் போடு. பொறியியல் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது, இடம் கிடைக்காதோ என்று பயந்து பிடித்த பிரிவைக் கீழே தள்ளாதே. பட்டியலை மேலிருந்து பார்த்து, உன் ரேங்குக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். கிடைக்காத பிரிவை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. உனக்கு வேண்டிய வரிசையிலேயே நிரப்பு.