சபைப் பொறுப்புக்கு வரும் தம்பிக்கு

தம்பி, போளூர்ப் பக்கம் ஊழியத்துக்கு வருகிறாய் என்று கேட்டு மனம் குளிர்ந்தது. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. முதலில் உட்காரப் பழகு. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாமைச் சோறு போட்டால், சாப்பிட்டு முடியும்வரை வேதாகமத்தைத் திறக்காதே. பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை எந்த ஊருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று கேள். உன் பிரசங்கம் அங்கேதான் பிறக்கும்.

2. மனிதர் பிற மனிதரால்தான் மனிதராகிறார் என்பது தென்னாப்பிரிக்க மக்களின் உபுண்டு நெறி. அதில் ஊறியவர் டெஸ்மண்ட் டூட்டு. 1986இல் கேப் டவுனின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயரானார்; அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 1996 ஏப்ரலில், நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் தலைவராகத் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் அமர்ந்திருந்தார். சித்திரவதைப்பட்ட ஒரு முதியவர் பேச முடியாமல் உடைந்தபோது, டூட்டு மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதுவிட்டார். தலைவர் அழலாமா என்பார்கள். அழத் தெரியாதவனிடம் யார் வந்து அழுவார்கள்?

3. ஏழைக்குக் கொடுப்பதோடு நின்றுவிடாதே, சிநேகிதனாயிரு. நம் திருநெல்வேலிச் சீமையின் வி. எஸ். அசரியா 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளிடம் கேட்டது அந்த நட்பைத்தான். 1912இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

4. இதைக் கவனமாகக் கேள், கண்ணே. உறவு என்றதும் நம் ஊரில் அது சாதியோடு நின்றுவிடும். டூட்டு சொன்ன உபுண்டு உறவில் கொடுமை செய்தவனுக்கும் இடம் இருந்தது. நம் பக்கமும் ஒரு சேர்க்கை நடந்தது: 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையானார்கள். கடல் கடந்து வந்த பிரிவினைகளை விட்டவர்களுக்கு, தெருவுக்குத் தெரு இருக்கும் பிரிவினையை விட மனம் வரவில்லையே! தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்த சபைகள் உண்டு. கமிட்டித் தேர்தல் வந்தால் “நம்ம ஆளு” என்று உன்னை இழுப்பார்கள். போகாதே. முடிவு வந்த மறுநாள் காலையில் தோற்றவர் வீட்டுக்குப் போய்க் காபி கேட்டு வாங்கிக் குடி.

5. கூட்டத்தில் கடைசியாகப் பேசு. 2008 லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் பேராயர்கள் தீர்மானம் போடுவதை ஒதுக்கிவிட்டு, ஜூலு மக்களின் இந்தாபா முறையில் குழுகுழுவாக உட்கார்ந்து பேசினார்கள். நீயும் அப்படியே எல்லோரையும் பேசவிடு; கோயிலைப் பெருக்கும் அக்காவிடமும் கருத்துக் கேள். அப்படிக் கேட்ட ஒரு நாளில்தான், கடன்பட்ட வெட்கத்தில் ஒரு குடும்பம் ஆராதனைக்கு வராமலிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. வரவுசெலவு நோட்டை மூடிவிட்டு எல்லோரும் அந்த வீட்டுக்குப் புறப்பட்டோம்.