களஞ்சிய வலையும் கட்டளை வரிசையும்

ஜிந்துப்பிட்டிக்கு அயலிலுள்ள செட்டியார் தெருவிலே, கணக்கேடும் இரும்புப் பெட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் ஒன்று உண்டு. கடைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு திறவுகோல். இன்றைய பெரு வங்கியின் கணக்குகளோ பெரும்பாலும் கணினியின் உள்ளே இருப்பனவல்ல. அவற்றைத் தாங்கும் வட்டுக்கள் தனியோர் அடுக்கில் திரட்டப்பட்டுப் பல கணினிகளுக்கும் பொதுவாக்கப்பட்டுள்ளன. இவ்விரு சாராரையும் பிணைப்பதே களஞ்சிய வலை. அதன் நடுவே நிற்கும் பொறியைக் கட்டளைகளாற் சீர்செய்யும் முறையை, இத்துறையிற் புகும் இளைஞர் பொருட்டு ஈண்டுக் கூறுவாம்.

இவ்வலைக்குரிய ‘ஃபைபர் சேனல்’ என்னும் நியமம் அமெரிக்காவில் 1994 இல் ஏற்கப்பட்டது. தொடக்கத்தில் வழங்கியது ‘ஹப்’ என்னும் எளிய பொறி. அதன் வளையத்தில் 126 கருவிகள்வரை சேரலாம். ஆயினும் இருவர் பேசும்போது ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். புதிதாய் ஒருவர் வந்து சேர்ந்தாலோ, வளையம் முழுவதும் ஒருகணம் நின்று மீளத் தொடங்கும். இக்குறையை நீக்கியது ‘சுவிட்ச்’. 1995 இல் புரோகேட் நிறுவனத்தைத் தொடங்கிய மூவருள் ஒருவரான குமார் மளவள்ளி, மைசூரிலே பொறியியல் கற்றவர். அந்நிறுவனத்தின் முதற் சுவிட்ச் 1997 இல் வெளிவந்தது. ஹப் வழக்கொழிந்துவிட்டது, பேச்சில் மட்டும் அப்பெயர் சிலரிடத்து இன்னும் எஞ்சியுள்ளது.

புரோகேட் பொறியையே உதாரணமாகக் கொள்வாம். பிற நிறுவனங்களின் பொறிகளிற் சொற்கள் வேறுபடினும் கருத்து ஒன்றே. முதலில் மடிக்கணினியைத் தொடர்கம்பியாற் பொறியுடன் இணைத்து, வேகத்தை 9600 என அமைத்து உட்புகுதல் வேண்டும். வலை முகவரியை இட்டபின், உடனே செய்யவேண்டியது தொழிற்சாலை தந்த கடவுச்சொல்லை மாற்றுதல். அடுத்து ஆட்சி எண். இது 1 முதல் 239 வரையுள்ள ஏதேனும் ஒன்றாகலாம். ஆனால் ஒரே வலையில் இரு பொறிகளுக்கு ஒரே எண் இருத்தலாகாது. இவ்வெண்ணை மாற்றப் பொறியைச் செயலிழக்கச் செய்யவேண்டியிருத்தலின், போக்குவரத்துத் தொடங்கு முன்னரே இதனை முடித்துவிடுதல் நன்று.

இனி முக்கியமான பகுதிக்கு வருவாம். வலையிற் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும், பதினாறு இலக்கங் கொண்ட உலகப் பொதுப் பெயர் ஒன்று உண்டு. ‘சுவிட்ச்ஷோ’ என்று தட்டினால், எவ்வாயிலில் எப்பெயருடையார் உளர் என்பது திரையிலே தோன்றும். ‘அலிகிரியேட்’ அந்நீண்ட பெயருக்கு நாம் வழங்கும் சுருக்கப் பெயரைத் தரும். ‘ஸோன்கிரியேட்’ ஒரு கணினியையும் அது காணவேண்டிய களஞ்சிய வாயிலையும் ஒரு பிரிவாக்கும். பிரிவு எதற்கு என்று மாணாக்கர் வினவலாம். சில இயங்குதளங்கள் கண்ணிற்பட்ட வட்டைத் தமதெனக் கொண்டு அதில் அடையாளம் பொறித்துவிடும். அவ்வட்டில் வேறொரு கணினியின் பதிவுகள் இருப்பின், அவை ஒரு நொடியிற் பாழாகும். ஆகவே பிரிவுக்கு ஒரு கணினி என்பதே தக்கது. நேரம் மிச்சமாகும் என்று பல கணினிகளை ஒரே பிரிவில் அடைப்பாரும் உளர். அது வீண் சிக்கனம்.

பிரிவுகளின் தொகுதிக்கு அமைப்பு என்று பெயர். ஓர் அமைப்பே ஒரு வேளையில் ஆட்சி செலுத்தும். இங்கேதான் ஆபத்து உறைகின்றது. இருபது கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும் வலையில் இருபத்தோராவதைச் சேர்க்க வந்தவர், ‘சிஎஃப்ஜிகிரியேட்’ கட்டளையாற் புதிய அமைப்பொன்றை வகுத்து, அதில் தம் பிரிவை மட்டும் இட்டு, ‘சிஎஃப்ஜிஎனேபிள்’ என்று தட்டுவாராயின், பொறி அவ்வண்ணமே செய்யும். பழைய இருபதும் தம் வட்டுக்களை இழந்து நிற்கும். அவற்றுள் ஒன்று மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைப் பதிவாகவும் இருக்கலாம். செய்யத்தக்கது, நடப்பிலுள்ள அமைப்பிலேயே ‘சிஎஃப்ஜிஆட்’ கொண்டு புதுப் பிரிவைச் சேர்த்தலாம். இறுதிக் கட்டளையின்போது பொறி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடை கேட்கும். எதுவுந் தட்டாவிடின் ‘இல்லை’ என்றே கொள்ளும். அவ்விடத்தில் நின்று ஒருமுறை வாசித்தல் வேண்டும். ‘கான்ஃபிக்அப்லோட்’ கட்டளையாற் பழைய நிலையை வேறிடத்தில் முன்னரே படியெடுத்திருத்தலும் அவசியம்.

ஒழுங்காக அமைந்த நிலையங்களில் ஒன்றையொன்று சாராத இரு வலைகள் உண்டு. மாற்றத்தை ஒன்றிற் செய்து, கணினிகள் யாவும் நலமே எனக் கண்ட பின்னரே மற்றதைத் தொடுதல் முறை. படங்காட்டும் திரைகளும் இப்பணிக்கு உள. ஆயினும் கட்டளைகளை முன்னாளிலே தாளில் எழுதி, இன்னொருவர் கையிற் கொடுத்துப் பிழை பார்க்கலாம் என்பதால் யாம் கட்டளை வரிசையையே விரும்புவோம்.

இத்துணைக் காவலும் காப்புப்பிரதி ஆகாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினித் தொகுதி பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப் பெறமுடியாது போயின. அக்காலத்துக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. உரிமையுடைய கணினி வழியே உட்புகும் பகைவனைப் பிரிவுச் சுவர் தடுக்கமாட்டாது. ஆதலின் நாடாப் பேழை உள்ள இடத்தில் அதற்கெனத் தனிப் பிரிவொன்று வகுக்க. பதிவு முடிந்த நாடாக்களை அவ்வலையினின்றும் அகற்றி, வேறு கட்டடத்திலே வைக்க.