நட்சத்திரம் போடும் லென்ஸ்

ஒரு போட்டோவை நினைச்சுப் பாருங்க. முன்னால் ஒரு பூ தெளிவாக இருக்கிறது. பின்னால் இலை இடுக்கில் வரும் வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் ஆறு முனை நட்சத்திரமாகத் தெரிகிறது. இது கம்ப்யூட்டர் வேலை இல்லை. சோவியத் நாட்டில் செய்த இண்டஸ்டார்-61 எல்/இசட் என்ற 50 மி.மீ. லென்ஸ் தானே செய்யும் வேலை! எப்படி?

நம் கண்ணில் பாவை இருக்கிறதல்லவா? வெயிலில் சுருங்கும், இருட்டில் விரியும். கேமரா லென்ஸுக்குள்ளும் அப்படி ஒரு துளை உண்டு. மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வட்டமாக நிற்கும். வளையத்தைத் திருகினால் எல்லாம் சேர்ந்து உள்ளே நகர்ந்து துளையைச் சிறிதாக்கும். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 58 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 29 மி.மீ. எஃப் 16 என்றால் வெறும் 3.6 மி.மீ. எண் கூடக் கூடத் துளை குறையும். இதை மாத்திப் புரிஞ்சுக்கக் கூடாது.

இனி நட்சத்திரக் கதை. ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, துளை முழுவதும் நுழைந்து கூம்பு போலக் குவிகிறது. ஃபிலிம் சரியாகக் கூம்பின் நுனியில் இருந்தால் புள்ளி புள்ளியாகவே விழும். முன்னே பின்னே இருந்தால் கூம்பின் வெட்டு முகம் விழும். அதன் வடிவம் என்ன? துளையின் வடிவமேதான்! எட்டுத் தகடு என்றால் எண்கோணம், ஆறு தகடு என்றால் அறுகோணம். இண்டஸ்டார்-61லும் ஆறு தகடுதான். ஆனால் எஃப் 5.6, 8 பக்கம் வரும்போது தகட்டு விளிம்புகள் உள்ளே துருத்தி நிற்பதால் அறுகோணத்துக்குப் பதில் நட்சத்திரம். எஃப் 2.8ல் முழுக்கத் திறந்தால் சாதாரண வட்டம்தான்.

சோவியத் லென்ஸ்களில் தகட்டு எண்ணிக்கையே ஆச்சரியம். ஜூபிடர்-9ல் 15 தகடு. டாயிர்-11ஏ என்ற 135 மி.மீ. லென்ஸில் 20! துளை எவ்வளவு சுருங்கினாலும் ஏறக்குறைய வட்டமாகவே இருக்கும். எனக்குக் கேட்டால் நட்சத்திரத்தைவிட இதுதான் அழகு. நட்சத்திரம் நாலு போட்டோவில் அலுத்துவிடும்.

இத்தனை தகடு வைக்க எப்படி முடிந்தது? அவை கையால் திருகும் லென்ஸ்கள். டாயிர்-11ஏ, ஹீலியோஸ்-44-2 போன்றவற்றில் இரண்டு வளையம் இருக்கும். ஒன்றில் எண்ணை வைத்துவிட வேண்டும். அடுத்ததை முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்து, படம் எடுக்கும் முன் அந்த எண் வரை மூட வேண்டும். அவசரமே இல்லை. பிறகு வந்த லென்ஸ்களில் பட்டனை அழுத்தியதும் துளை தானே சட்டென்று மூட வேண்டியிருந்தது. தகடு அதிகமானால் உராய்வு அதிகம், வேகம் குறையும். அதனால் தகடு குறைந்தது. ஹீலியோஸ்-44-2ல் 8 இருந்தது, தானாக மூடும் 44எம்-4ல் 6 ஆனது.

இன்னொரு கணக்கு. இரவில் தெருவிளக்கைச் சிறிய துளையில் படம் எடுத்தால் விளக்கைச் சுற்றி ஒளிக்கீற்று வரும். இது விளிம்பு விளைவு. ஒவ்வொரு தகட்டு விளிம்பும் எதிரெதிராக இரண்டு கீற்று போடும். தகடு இரட்டைப்படை என்றால் எதிர் விளிம்பின் கீற்று அதன் மேலேயே விழும். எனவே 8 தகட்டுக்கு 8 கீற்று. ஒற்றைப்படை என்றால் மேலே விழாது, இரட்டிப்பாகும். ஜூபிடர்-9க்கு எத்தனை, சொல்லுங்க பார்ப்போம்? (30.)

லேபில் செய்து பார்க்கலாம். கறுப்பு அட்டையில் 2 செ.மீ. முக்கோணம் வெட்டி, 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸ் மேல் ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, மூன்று மீட்டர் தள்ளி சின்ன டார்ச் விளக்கு. (சூரியன் வேண்டவே வேண்டாம், பேப்பரும் எரியும், கண்ணும் போகும்.) பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் சுமார் 10 செ.மீ.யில் விளக்கு புள்ளியாகத் தெரியும், முக்கோணம் இருந்த சுவடே இருக்காது. தாளை லென்ஸ் பக்கம் நகர்த்துங்கள், முக்கோணம் வரும். லென்ஸை விட்டுத் தள்ளிக் கொண்டு போங்கள், மறுபடி முக்கோணம், ஆனால் தலைகீழாக! கதிர்கள் நுனியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன.

லென்ஸில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் என்னவாகும் என்று பரீட்சையில் கேட்பார்களே, அதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பாதிப் பிம்பம் என்று எழுதினால் மார்க் போச்சு. ஃபோகஸில் துளையின் வடிவம் தெரியாது. முழுப் பிம்பமும் வரும், வெளிச்சம்தான் குறையும்.