பெயரை மறைத்து டீத்தூளைச் சுவைப்போம்



அரிசியையும் பருப்பையும் கையில் அள்ளிப் பார்த்தே ஓரளவு தரம் சொல்லிவிடலாம். டீத்தூள் அப்படியல்ல. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தூள்கள் கொதிநீரில் விழுந்த பிறகுதான் தங்கள் குணத்தைக் காட்டும். சடையங்குப்பம், மணலி, எண்ணூர் பக்கம் லாரி ஓட்டுநர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் நம்பி நடக்கும் டீக்கடைகள் நம்மிடம் தூள் வாங்குகின்றன. ஒரு மூட்டை சரியில்லை என்றால் டீக்கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டார். சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. அங்கே ஏலத்திற்கு முன்பே தரகு நிறுவனங்களின் சுவைஞர்கள் ஒவ்வொரு லாட்டையும் சுவைத்து மதிப்பிடுகிறார்கள். சிறு வியாபாரிகளான நமக்கோ சரக்கு பல கை மாறி வருகிறது. மூட்டையின் பெயர், விலை, விற்பவர் பேச்சு ஆகிய மூன்றையும் கேட்ட பிறகே சுவைக்கிறோம். அப்போது நாக்கு தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

இதற்கு ஒயின் வியாபாரத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. பாரிசில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், 1976 மே 24 அன்று பெயரை மறைத்து ஒரு சுவைப் போட்டி நடத்தினார். பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் மதிப்பெண் போட்டனர். வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் இரண்டிலும் புகழ்பெற்ற பிரெஞ்சு சரக்கைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்காவின் கலிபோர்னியா சரக்கே முதலிடம் பெற்றது. பெயர் தெரிந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

இதை நாமும் செய்யலாம். ஐந்து கடைக்காரர்கள், தராசு, கடிகாரம், ஒரே அளவுள்ள வெள்ளைக் கோப்பைகள் போதும்.

1. முதலில் ஈர வடிதாளில் தூளைத் தூவுங்கள். உடனே நிறம் பரவினால் சாயம் கலந்திருக்கலாம். அதை வாயில் வைக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

2. சுவைக்காத ஒருவர் தனியே இருந்து 417, 283 என்பதுபோல் கோப்பைகளுக்கு எண் இடட்டும். எது எந்தத் தூள் என்று அவர் மட்டும் குறித்து வைக்கட்டும்.

3. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். இது உலகத் தர அளவு. டீக்கடையில் புழங்கும் தண்ணீரையே எடுங்கள். உப்புத் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் டீயின் நிறமும் சுவையும் மாறும்.

4. நிறம், மணம், கடுப்பு, திடம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது. மூத்தவர் முகம் சுளித்தால் மற்றவர் நாக்கும் சுளிக்கும்.

5. பிறகு பால் சேர்த்து, சர்க்கரையில்லாமல் மறுமுறை சுவையுங்கள். வாடிக்கையாளர் குடிப்பது பால் டீயைத்தானே.

இரண்டு தூள்களுக்குள் வித்தியாசம் உண்டா என்று அறிய மூன்று கோப்பை முறை சிறந்தது. இரண்டில் ஒரே தூள், ஒன்றில் வேறு தூள். வேறானது எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஐந்து பேரில் நான்கு பேராவது குத்துமதிப்பாகச் சொல்லிச் சரியாக வர 243-க்கு 11 வாய்ப்புதான். ஆகவே நால்வர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் மெய் என்று கொள்ளலாம். மூவர் என்றால் மறுபடி செய்யுங்கள். அதற்கும் குறைந்தால், அந்த வித்தியாசத்திற்காக அதிக விலை தருமுன் யோசியுங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதல் என்றால் 35 கிலோ மூட்டைக்கு 700 ரூபாய் ஆகிறது.

வாங்கிய ஒவ்வொரு லாட்டிலும் கால் கிலோவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேதியும் விலையும் எழுதி, மசாலாப் பொருட்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். தேயிலை பிற மணத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். அடுத்த லாட்டின் சாம்பிள் வந்ததும் பழையதோடு சேர்த்து மூன்று கோப்பை வையுங்கள். சரக்கு இறங்கியபின் மூட்டையிலிருந்தும் எடுத்து, சாம்பிளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் பணம் கொடுக்குமுன் பேசலாம். அந்த டப்பாவும் ஐந்து பேர் எழுதிய தாளும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.